தீப்பெட்டிச் சித்தி



இந்தப் பக்கத்துக்கு வேறொன்றை எழுதி, பக்க வடிவமைப்பு வரை போய்விட்டது. அதை நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அச்சகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

சென்ற மாதம் மதுரையில் என் சித்தி காலமானார். வயது 77. 1972-இல் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, 2006-இல் 58 வயதில் ஓய்வு பெற்றவர். அந்த 34 வருடத்தில் இருபதுக்கு மேல் பர்ன்ஸ் வார்டில் கழிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரை ‘சிஸ்டர்’ என்றார்கள். மீதிப் பேர் ‘தீப்பெட்டியம்மா’ என்றார்கள். இரண்டாவது பெயர் தெரியாத முதல் கூட்டமும், முதல் பெயர் பழகாத இரண்டாவது கூட்டமும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றன.

சித்தி தீப்பெட்டி லேபிள் சேர்த்தவர். மூன்று ஆல்பம், ஒரு பெரிய பிஸ்கட் டின். ஆயிரத்து எண்ணூறுக்குச் சற்று மேல் என்று அவர் மகள் எண்ணிச் சொன்னாள். தீயில் வெந்தவர்களை நாளெல்லாம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தீப்பெட்டிப் படம் ஒட்டுகிறாளே, இதென்ன கிறுக்கு என்று என் அம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று வருடம் அந்த வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போனவன் நான். ஆல்பங்கள் இருந்த மரபீரோவுக்குப் பக்கத்தில்தான் என் பாய்.

அம்மாவும் சித்தியும் பிறந்தது சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கதையை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிலாச்சோற்றோடு கேட்டு வளர்வார்கள். மழை பொய்த்த பூமி. காய்ந்த காற்று வெள்ளாமைக்கு ஆகாது, தீக்குச்சி காய அதைவிட உகந்தது கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ்கள் வந்தன. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதற்காக அச்சகங்கள் வந்தன. சிவகாசி காலண்டருக்கும் டைரிக்கும் மூலம் அந்தத் தீப்பெட்டிப் படம்தான். ‘குட்டி ஜப்பான்’ என்ற பேர் எல்லாம் அப்புறம்.

வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டுவார்கள். மெல்லிய மரச்சக்கையை மடித்து, நீலத்தாள் சுற்றி அடிப்பெட்டி, மேல்பெட்டி. மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம். கணக்கு குரோசில்தான், குரோஸ் என்றால் 144 பெட்டி. சித்தி எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிறவரை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பசைச்சட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். லேபிள் ஒட்டுவது அவருக்குப் பிடித்த பாகம். மற்றதெல்லாம் ஒரே நீலம், அதில் மட்டும்தான் நிறம் இருந்தது என்று ஒருமுறை சொன்னார். ஊரில் யாரோ, நர்சிங் படித்தால் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து மாதாமாதம் கையில் பணமும் தருகிறார்கள் என்று சொல்ல, தாத்தா அதை நம்பாமல் தானே போய் விசாரித்துவிட்டு வந்து சேர்த்துவிட்டார்.

ஆக, கிறுக்கு என்று நாங்கள் நினைத்ததில் அவருக்குக் கிறுக்கே இல்லை. தான் ஒட்டியதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்.

பிரிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல், டூட்டி இல்லாத நாளில், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவார். காலிப் பெட்டியை அதில் மிதக்க விடுவார், லேபிள் பக்கம் கீழே. கை வைக்க மாட்டார். நீலத்தாளின் சாயம் மெல்ல இறங்கித் தண்ணீர் வெளிறிய நீலமாகும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, பசைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பிறகு டிரஸ்ஸிங் ஃபோர்செப்ஸால் ஒரு மூலையைத் தொட்டுப் பார்ப்பார். வந்தால் வரும். வராவிட்டால் மறுபடி மிதக்க விடுவார். (அந்த ஃபோர்செப்ஸ் சர்ஜிகல் கடையில் காசு கொடுத்து வாங்கியது. ஆஸ்பத்திரிச் சாமான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ரசீதையும் ஆல்பத்தின் அட்டையில் செருகி வைத்திருந்தார். இன்றும் இருக்கிறது.) கழன்ற லேபிளைப் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே தன் நர்சிங் பாடப்புத்தகத்தை ஏற்றுவார். அந்தப் புத்தகம் வேறெதற்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் ஒரு பெட்டியிலிருந்து லேபிளைக் காய்ந்தபடியே இழுத்தேன். பாதி கையோடு வந்தது. சித்தி அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. அன்று என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“இழுக்காதடா. நனையட்டும். அதுவா விடும்.”

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அது லேபிளுக்குச் சொன்ன வார்த்தை இல்லை. வெந்த உடம்பில் கட்டிய துணி காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தால்தான் புதுக்கட்டு போட முடியும். அவசரத்தில் இழுத்தால் புதிதாக வந்த தோலும் சேர்ந்து வந்துவிடும். உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல. வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் காலையில் அது நடந்தாக வேண்டும். அந்த வார்டின் சத்தத்தைப் பற்றி ஊரில் பலரும் சொல்வார்கள். சித்தி சொன்னதில்லை.

வேலையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் கணக்கு மட்டும்தான். உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பிரிப்பார்கள். தலைக்கு 9 சதவீதம், ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, நெஞ்சும் வயிறுமாக முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, மிச்சம் 1. கூட்டினால் நூறு. எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது, உடம்பு எத்தனை கிலோ என்று பெருக்கி, கிலோவுக்கும் சதவீதத்துக்கும் 4 மில்லி என்று முதல் 24 மணி நேரத்துக்கான குளுக்கோஸ் இல்லாத உப்புநீர்க் கணக்குப் போடுவார்கள். 50 கிலோ ஆள், 40 சதவீதம் என்றால் 8 லிட்டர். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். இதில் சூட்சுமம் என்னவென்றால், அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து ஆரம்பிப்பதில்லை, தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கிறது. கூட வந்தவர்களிடம் முதல் கேள்வி, ‘எப்பப் பட்டுச்சு?’ யாருக்கும் மணி தெரியாது. ‘மில் சங்கு ஊதி, தண்ணி புடிச்சிட்டு வந்தப்ப’ என்பார்கள். ‘ரேடியோவுல செய்தி முடிஞ்சு’ என்பார்கள். எந்த மில்லின் எந்தச் சங்கு என்று கேட்டு மணியாக மாற்றுவது சித்தியின் வேலை. ஒன்றரை மணி நேரம் பிசகினால் உப்புநீர்க் கணக்கும் பிசகும்.

மெத்தை விரிப்புக்கு மேல் வாழையிலை. வெந்த உடம்பு துணியில் ஒட்டும், இலையில் ஒட்டாது. குளிர்ச்சி, வழவழப்பு, மலிவு. நம் நாட்டுத் தீக்காய வார்டுகள் கையாண்ட மருந்துச் சாமான்களில் அதுவும் ஒன்று. காலையில் இலைக்கட்டு வந்ததும் கிழிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் துடைத்து வைப்பாராம். இதை எனக்குச் சொன்னது அவருடன் வேலை பார்த்த இன்னொரு நர்ஸ், இந்தத் துக்கத்தின்போதுதான். கேட்டதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தி எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார மாட்டார். ஒரு தட்டு கேட்டு வாங்கி, ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். கவர்மெண்ட் உத்தியோகக்காரி, இலையில் உட்காரக் கௌரவம் இடிக்கிறது என்று சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வார்த்தை திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்திரிகைக்காரனாக எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த வார்டுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு.’ மாமியார் முன்னால் நிற்பார், கணவன் முன்னால் நிற்பான். மாஜிஸ்திரேட் வருவார், டாக்டர் நினைவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார், வாக்குமூலம் பதிவாகும். 1983-இல் கணவன் வீட்டுக் கொடுமைக்குச் சட்டம் வந்தது, 1986-இல் வரதட்சிணைச் சாவு என்று தனிக் குற்றமே வந்தது. ஆனாலும் ஸ்டவ்கள் வெடித்துக்கொண்டேயிருந்தன. எல்லாரும் போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு, ஃபீடிங் கப்பில் தண்ணீர் புகட்டுகிற நர்ஸிடம் வருகிற வாக்குமூலம் வேறு. நான் சப்-எடிட்டராக இருந்தபோது சித்தியிடம் கெஞ்சினேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், நாலு கதை சொல்லுங்கள், ஒரு தொடரே எழுதலாம்.

“அது எங்கிட்டச் சொன்னதுடா. பத்திரிகைக்குச் சொல்லணும்னா அவளே சொல்லியிருப்பா.”

அப்படியானால் போலீஸிடமாவது சொல்லியிருக்க வேண்டாமா என்று எனக்குக் கோபம். கேட்டும்விட்டேன். ஃபோர்செப்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன். எழுதிக்கிட்டாங்களான்னு நீ போய்க் கேளு.” நான் போய்க் கேட்கவில்லை. அதற்கு எனக்கு அன்று துணிச்சல் இருந்ததா, அல்லது தொடர்தான் முக்கியமாக இருந்ததா என்று இன்று யோசிக்கிறேன்.

இந்த இதழுக்கு அவர் செய்த ஒரே பங்களிப்பும் ஒரு சண்டைதான். நான் இங்கே சேர்ந்த புதிதில் வீட்டுக் குறிப்புப் பகுதியில், சூடுபட்ட இடத்தில் உடனே இட்லி மாவு தடவினால் கொப்புளம் வராது என்று போட்டுவிட்டோம். இதழ் கடைக்கு வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. “நீங்க தடவச் சொன்ன மாவை நேத்து ராத்திரி ஒரு பச்சப்புள்ள முதுகுல இருந்து ஒரு மணி நேரம் கழுவினேன். அதே பக்கம், அதே அளவு எழுத்து, தப்புன்னு போடு.” போட்டோம். வாசகம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. இப்போதும் போடலாம், பழசாகவில்லை:

பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில், ஓடுகிற தண்ணீரில், 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மாவு, இங்க், பற்பசை, நெய், எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

கீழே பெயர் போடட்டுமா என்றேன். ‘ஒரு வாசகி’ என்று போடு போதும், எந்தக் காலத்திலும் என் பேரைப் போடாதே என்றார். அதனால்தான் இந்தப் பக்கத்திலும் அவருக்குப் பெயர் இல்லை.

அம்மாவாக அவர் எப்படி என்று கேட்டால், அவருடைய மகளிடம் ஒரு பதில் இருக்கிறது, மகனிடம் வேறொரு பதில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட். சித்திக்கும் ஷிஃப்ட். இரண்டும் மோதுகிற வாரங்களில் குடும்பம் சந்திக்கும் இடம் பஸ் ஸ்டாப். நைட் டூட்டி முடிந்து சித்தி இறங்குவார், அதே ஸ்டாப்பில் சித்தப்பா ஏறுவார். நடுவில் யூனிஃபாரத்தோடு இரண்டு பிள்ளைகள். நர்ஸுகள் டூட்டி மாறும்போது ஒப்படைப்பார்களே, அதே தோரணையில் சித்தப்பா ஒப்பிப்பார்: “சின்னவனுக்கு ராத்திரி ரெண்டு தடவ இருமல். சொரமில்ல. பெரியவளுக்குக் கணக்கு நோட்டுல கையெழுத்து வேணும்.” சித்தி கையெழுத்துப் போட்டு, மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டி, மகனின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். எல்லாம் அடுத்த பஸ் வருவதற்குள். பஸ்ஸில் இருக்கிற ஜனம் ஜன்னல் வழியாகப் பார்க்கும். அவர்களுக்கு அது பழக்கமாகியிருந்தது.

அந்த வீட்டில் தீபாவளி மறுநாள்தான். தீபாவளி ராத்திரி பர்ன்ஸ் வார்டில் லீவு கேட்க முடியாது, அவர் கேட்டதும் இல்லை. புஸ்வாணம் பற்றவில்லையே என்று குனிந்து பார்த்த முகங்கள், அணைந்துவிட்டதென்று நினைத்து மத்தாப்புக் கம்பியை மிதித்த பாதங்கள். விடிந்து வந்து, குளித்துவிட்டு, ஊரெல்லாம் வெடித்து ஓய்ந்த தெருவில் எங்களுக்கு எண்ணெய் வைத்துவிடுவார். பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு டப்பா கம்பி மத்தாப்பு. வேறெதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், எரிந்து முடிந்த கம்பியை அதில் போட்டால்தான் அடுத்தது. ‘சொய்ங்’ என்று ஒவ்வொரு கம்பியாக அணைகிற அந்தச் சத்தம்தான் சித்தி மகளுக்கு, என் தங்கச்சிக்கு, தீபாவளிச் சத்தம். பதின்மூன்று வயதில் அவளுக்கு இது அவமானமாக இருந்தது. ஆண்டு விழாவுக்கும் அம்மா வரவில்லை என்றான ஒரு வாரத்தில் ஆல்பத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். “இந்த லேபிளுக்கு இருக்க நேரம் எனக்கில்லையா?” சித்தி பதில் சொல்லவில்லை. சிதறியதைப் பொறுக்கவும் இல்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி தங்கச்சியே பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஆல்பத்தில் ஒட்டுகிற வேலை அவளுடையது. கோபம் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள்.

2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பேராம்பிராவில் நிபா நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி அதே நோயில் இறந்தார். கணவருக்கு அவர் எழுதி வைத்த துண்டுக் கடிதம் பேப்பரில் வந்தது. சித்தி ஓய்வு பெற்று அப்போது பன்னிரண்டு வருடம். படித்தார், மடித்தார், “ரெண்டும் சின்னப் பிள்ளைங்களாமே” என்றார். அன்று முழுக்க மகளுக்கு மூன்று முறை போன் செய்தாராம், ஒரு காரணமும் இல்லாமல்.

லேபிள்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வார்டுக்கு வரும் சொந்தக்காரர்களின் சட்டைப்பையில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருக்கும். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது விதி. போகும்போது காலிப் பெட்டியாக இருந்தால், ‘இதை வச்சிக்கிடட்டுமா?’ என்று கேட்பார். அப்படித்தான் கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், திருவேங்கடம் எல்லாம் அந்த பீரோவுக்குள் வந்தன. பின்பக்கம் பென்சிலால் ஊரும் தேதியும். மை என்றால் முன்பக்கம் ஊறிவிடும். அணில், சாவி, கடிகாரம், ரோஜா, ரயில், மூன்று மாம்பழம், சிறுத்தையோடு மல்லுக்கட்டும் ஆள். அச்சில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றிய காலத்து லேபிள்களில் நிறம் நகர்ந்துவிடுவது உண்டு. சித்திக்கு அவைதான் உயிர். ஒரு பச்சைக்கிளி இருக்கிறது: மூக்கின் சிவப்பு மூக்கில் இல்லை, ஒரு நூல் தள்ளிக் காற்றில் நிற்கிறது. மற்றபடி பச்சையும் கிளையும் அத்தனை கச்சிதம். “நல்ல அச்சை எல்லாரும் வச்சிருப்பாங்க” என்று அதை முதல் பக்கத்தில் வைத்திருந்தார். சரியாக அச்சான கிளி அவரிடம் இல்லை. வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், டின்னில் இரட்டைகள் நிறைய உண்டு, மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஆங்கிலத்தில் ஃபில்லுமெனி என்று பெயர், வெளிச்சத்தின் மேல் பிரியம் என்று அர்த்தம் வரும் என்று அகராதி பார்த்துச் சொன்னேன். “வெளிச்சத்து மேலயா? எனக்குப் பசை மேலதான்” என்று சிரித்தார். இன்னொரு சமயம், மே 12 நர்சுகள் தினத்துக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை அட்டையில் போட்டோம். கையில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒன்றை ஓவியர் கொடுத்திருந்தார். நைட்டிங்கேல் உண்மையில் தூக்கிக்கொண்டு நடந்தது மடக்குகிற துருக்கி லாந்தர் என்று சித்திக்குத் தெரிந்திருந்தது. அதோடு ஒரு கேள்வி: “சரி, எந்தத் தீப்பெட்டில பத்த வச்சாங்க?” இதை யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. தேடினேன். நைட்டிங்கேல் கிரிமியப் போருக்குப் போனது 1854-இல். பெட்டியின் ஓரத்தில் உரசினால் மட்டும் பற்றுகிற இன்றைய தீக்குச்சியை 1844-இலேயே ஸ்வீடனில் யோசித்துவிட்டாலும், புழங்க ஆரம்பித்தது ஐம்பதுகளின் நடுவில்தான். ஆகவே அநேகமாக அது எங்கே உரசினாலும் பற்றுகிற வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சியாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பாஸ்பரஸ் குச்சி செய்த பெண்களின் தாடையெலும்பு அழுகும். 1888-இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களைச் சூழ்ந்திருந்த நோய் அதுதான். நான் இதைச் சொல்லச் சொல்ல, சித்தி தன் தாடையை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். “எங்க ஊர்ல அது இல்ல. கந்தக இருமலோட போச்சு” என்றார்.

டின்னில் லேபிள்களுக்கு அடியில் ஒரு முழுப்பெட்டி உண்டு. நான்தான் ஒருநாள் எடுத்துக் கேட்டேன். வார்டுக் கதைகளில் அவர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான், அதுவும் பேர் இல்லாமல். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் பற்றியதில் இரண்டு கையும் வெந்த ஒரு சிறுமி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். இது இரண்டுக்கும் முன்னால். தோல் ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கட்டி, தினமும் அசைக்க வைக்க வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் பிள்ளை கையைத் திறக்கவே மாட்டேன் என்றது. சித்தி ஊருக்குப் போய் ஒரு பிடி பெட்டிச்சக்கையும் நீலத்தாளும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளை ஒரு சக்கையை எடுத்து, கோடு போட்ட இடத்தில் மடிக்கப் பார்த்தது. மடியவில்லை. ஒரு நாளைக்குக் குரோஸ் கணக்கில் மடித்த விரல். கோபம் வந்து மறுபடி எடுத்தது. வீட்டுக்குப் போகிற அன்றைக்கு ஒரு பெட்டி முடிந்திருந்தது, ஒரு பக்கம் கோணி, தாள் சுருங்கி. “லேபிள் ஒட்டலையே?” என்று கேட்டேன். “அதுக்குள்ள பஸ் வந்துருச்சு.”

பிற்பாடு அட்டைப்பெட்டிகள் வந்தன. படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள், ஒட்ட லேபிளும் இல்லை, உரிக்க ஒன்றும் இல்லை. சித்தி சுவாரஸ்யம் இழந்துவிட்டார். 2007-இல் பெட்டி ஒரு ரூபாய் ஆனதும், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனதும் அவருக்கு வீட்டு விசேஷம் போல. போன் செய்து சொன்னார். ஆனால் சொன்னதோடு சரி. முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை. எவர்சில்வர் கிண்ணம் சமையலறைக்குப் போய்விட்டது.

சித்தி காலமான அன்றைக்குக் காலையில் நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள், ஏற்றவில்லை. வீட்டில் தீப்பெட்டி இல்லை. அடுப்புக்கு கேஸ் லைட்டர். அதிலிருந்து வருகிற பொறியில் திரி பற்றாது. ஆயிரத்து எண்ணூறு லேபிள் இருக்கிற வீட்டில் ஆளாளுக்கு அலமாரியைத் திறந்து மூடினார்கள். கடைசியில் தங்கச்சியின் மகன் ஓடிப்போய் முக்குக்கடையில் ஒன்று வாங்கிவந்தான். விளக்கு ஏற்றினோம்.

எல்லாம் முடிந்து, ராத்திரி, வந்தவர்கள் போன பிறகு கூடத்தில் நாங்கள் நாலு பேர். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி அந்தத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இது அம்மாட்ட இல்ல” என்றாள். குச்சிகளை ஒரு டம்ளரில் கொட்டினாள். மகன் உடனே அட்டையைப் பிரித்துத் தருகிறேன் என்று ஒட்டுவாயில் நகத்தை வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு விரலை நனைத்து ஒட்டுவாய் நெடுகத் தடவினாள்.

“இரு, நனையட்டும்.”

அன்புடன்,
ஆசிரியர்